நீரிழிவும் அதன் உடன்பிறப்புகளும்

முன்னுரை

திருக்குறளின் 95 ஆம் அதிகாரம் 'மருந்து' எனப் பெயர் பெற்றது. பெயர் மருந்தாயினும் அவ்வதிகாரம் பெரிதும் பேசுவது உணவின் அளவையே. நோய் புறத்திலிருந்து வந்து தாக்கும் பகை மட்டுமன்று. நாளும் உண்ணும் உணவும் நாளும் நடத்தும் வாழ்வும் கூடி உடலுக்குள் விளைவிப்பதும் ஆகும் என்னும் தெளிவு தமிழர்க்குப் புதிதன்று. அத்தெளிவு இன்று நமக்கு மிகுதியும் தேவைப்படுகிறது.

நம் ஊர்களில் நீரிழிவு இல்லாத குடும்பம் அருகி வருகிறது. உறவினர் இருவர் சந்தித்தால், நலம் கேட்டு முடித்த கையோடு "சீனி எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. விடையாக ஓர் எண் சொல்லப்படுகிறது. எண் சிறிதாயின் மகிழ்ச்சி, பெரிதாயின் கவலை. அவ்வளவில் உரையாடல் முடிந்துவிடுகிறது. ஆனால் நீரிழிவு பெரும்பாலும் தனித்து வாழும் நோயன்று. இடுப்புச் சுற்றளவின் பெருக்கம், இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பின் சீர்கேடு ஆகிய உடன்பிறப்புகளோடு கூடிக் குடியிருப்பது அதன் இயல்பு. இக்கூட்டத்தையே மருத்துவ உலகம் 'வளர்சிதை மாற்ற நோய்க்குறித் தொகுப்பு' என்கிறது. நீரிழிவோடு வாழ்வோரிடம் இத்தொகுப்பு எவ்வாறு அமைகிறது, அதனை அறிவதால் என்ன பயன் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

இந்நோய்க்குத் தமிழில் வழங்கும் பெயர்களை முதற்கண் காண்போம். 'நீரிழிவு' என்பதில் உள்ள 'இழிதல்' என்னும் வினை இறங்குதல், வழிதல் எனப் பொருள்படும். சிறுநீர் மிகுதியாக இறங்கும் நோய் என்பது அதன் பொருள். மேலை நாட்டார் வழங்கும் 'டயபடீஸ்' என்னும் கிரேக்கச் சொல்லும் ஊடுருவிக் கடத்தல், வழிந்தோடல் என்னும் பொருளிலேயே பிறந்தது. 'மதுமேகம்' என்பது சிறுநீரின் இனிப்பைச் சுட்டுகிறது. இலங்கைத் தமிழர் 'சலரோகம்' என்பர். பேச்சு வழக்கில் 'சர்க்கரை நோய்' என்றும் 'சீனி வியாதி' என்றும் வழங்குகிறோம்.

இப்பெயர்களை ஒருங்கு வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். இவை அனைத்தும் நீரைச் சுட்டும். அல்லது இனிப்பைச் சுட்டும். இடுப்பையோ, இரத்த அழுத்தத்தையோ, கொழுப்பையோ சுட்டும் பெயர் ஒன்றுமில்லை. பெயர் எதைக் காட்டுகிறதோ அதையே மனமும் பற்றுகிறது. இனிப்பை விலக்கினால் நோயை விலக்கியதாகும் என்னும் எண்ணம் மக்களிடையே வேரூன்றியதற்கு இப்பெயர்களும் ஒரு காரணம் எனலாம். சீனி இல்லாத தேநீரைக் கேட்டு வாங்கி, அதனோடு எண்ணெய் சொட்டும் வடை இரண்டை உண்பவரை நாம் நாள்தோறும் காண்கிறோம்.

'வளர்சிதை மாற்றம்' என்னும் கலைச்சொல்லோ நுட்பம் நிறைந்தது. உடல் தனக்கு வேண்டியவற்றைக் கட்டி வளர்ப்பதும், கட்டியவற்றைச் சிதைத்து ஆற்றல் பெறுவதும் ஆகிய இரு தொழில்களையும் அது ஒரு சொல்லில் அடக்குகிறது. இவ்விரண்டின் சமநிலை குலையும்போது தோன்றும் பல குறிகளின் கூட்டமே நாம் பேசும் நோய்க்குறித் தொகுப்பு. சுருக்கம் கருதி இதனை 'நோய்த்தொகை' என இங்கு வழங்குவோம். தொகைச் சொல்லை விரித்தால்தான் மறைந்துள்ள பொருள் விளங்கும் என்பது இலக்கண மாணவர் அறிந்தது. 'பொற்குடம்' என்பதைப் 'பொன்னாலாகிய குடம்' என விரிப்பது போல, 'சீனி நோய்' என்று ஒருவர் சொல்லும்போது அதனுள் மறைந்து நிற்பவற்றையும் விரித்துக் காணுதல் வேண்டும்.

ஆய்வு வளர்ந்த வரலாறு

இந்நோய்த்தொகை அண்மைக் காலத்தில் திடீரெனக் கண்டறியப்பட்டதன்று. சுவீடன் நாட்டு மருத்துவர் எஸ்கில் கைலின் 1923 ஆம் ஆண்டிலேயே உயர் இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை மிகுதி, கீல்வாதத்திற்குக் காரணமான யூரிக் அமில மிகுதி ஆகியன ஒருவரிடமே கூடித் தோன்றுவதை எடுத்துரைத்தார். பிரான்சு நாட்டு மார்செய் நகர மருத்துவர் ழான் வாக் 1947 இல் மற்றோர் உண்மையை வெளிப்படுத்தினார். கொழுப்பு எவ்வளவு என்பதைவிட, அது உடலில் எங்கே தங்குகிறது என்பதே முதன்மையானது. இடையிலும் மேலுடலிலும் தங்கும் கொழுப்பே நீரிழிவோடும் இரத்தக்குழாய் நோயோடும் நெருங்கிய உறவுடையது என்பது அவர் கண்ட முடிபு.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரால்டு ரீவன் 1988 இல் ஆற்றிய பான்டிங் பேருரை இவ்வாராய்ச்சியில் ஒரு திருப்புமுனை. இக்குறிகளுக்கெல்லாம் அடிப்படையில் இன்சுலின் எதிர்ப்புநிலை இருக்கிறது என்று அவர் விளக்கி, இக்கூட்டத்திற்கு 'எக்ஸ்' என்னும் எழுத்தையே பெயராக இட்டார். அடுத்த ஆண்டில் நார்மன் கப்லான் என்னும் மருத்துவர் மேலுடற் பருமன், சர்க்கரை, டிரைகிளிசரைடு, இரத்த அழுத்தம் ஆகிய நான்கையும் உயிர்கொல்லும் நால்வர் கூட்டம் என்ற கருத்தில் குறிப்பிட்டார். பின்னர் உலக சுகாதார நிறுவனம் 1998 இலும், அமெரிக்கக் கொழுப்புக் கல்வித் திட்ட வல்லுநர் குழு 2001 இலும், பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 2005 இலும் தத்தம் வரையறைகளைத் தந்தன. வரையறைகள் பலவாகிக் குழப்பம் மிக்கதால், பல அமைப்புகள் கூடி 2009 இல் பொதுவான ஓர் அளவுகோலை வகுத்தன. இன்று பெரிதும் பின்பற்றப்படுவது அதுவே.

ஐந்து அளவுகோல்கள்

அவ்வரையறையின்படி பின்வரும் ஐந்தனுள் மூன்று அமைந்தால் அவரிடம் நோய்த்தொகை உள்ளது எனக் கொள்ளப்படும்.

1. இடுப்புச் சுற்றளவு: தெற்காசிய மக்களில் ஆண்களுக்கு 90 செ.மீ. அல்லது அதற்கு மேல். பெண்களுக்கு 80 செ.மீ. அல்லது அதற்கு மேல்.
2. டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு: 100 மி.லி. இரத்தத்தில் 150 மி.கி. அல்லது அதற்கு மேல்.
3. நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல்.: ஆண்களுக்கு 40 மி.கி.க்குக் குறைவு, பெண்களுக்கு 50 மி.கி.க்குக் குறைவு.
4. இரத்த அழுத்தம்: மேல் அளவு 130 அல்லது அதற்கு மேல், அல்லது கீழ் அளவு 85 அல்லது அதற்கு மேல்.
5. வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை: 100 மி.கி. அல்லது அதற்கு மேல்.

இங்கே இரு செய்திகள் மனங்கொள்ளத்தக்கன. ஒன்று, ஒரு குறைபாட்டிற்கு மருந்து உண்டு வருபவர், அம்மருந்தால் அளவு சீராக இருப்பினும், அக்குறி உடையவராகவே எண்ணப்படுவார். மற்றொன்று, நீரிழிவாளர் ஐந்தாம் குறியை ஏற்கெனவே பெற்றுவிட்டவர். எஞ்சிய நான்கனுள் இரண்டு அமைந்தாலே அவர் இத்தொகைக்கு உட்பட்டவராகிறார்.

இடுப்பை அளக்கும் முறையிலும் தெளிவு வேண்டும். கைலி கட்டும் இடமும் காற்சட்டையின் அளவெண்ணும் நம்மை ஏமாற்றும். தொந்திக்குக் கீழே இறக்கிக் கட்டுவோரே பலர். கடைசி விலா எலும்பின் அடிக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, அளவு நாடாவைத் தரைக்கு இணையாகச் சுற்றி, இயல்பாக மூச்சு விட்ட நிலையில், வயிற்றை உள்ளிழுக்காமல் அளத்தல் வேண்டும். தையற்காரர் வைத்திருக்கும் நாடா ஒன்று போதும். ஐந்து சோதனைகளுள் ஊசியும் செலவும் இல்லாதது இதுவே.

எடுத்துக்காட்டாக, ஐம்பது வயதைக் கடந்த வணிகர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். நாள் முழுதும் கடையில் அமர்ந்திருப்பவர். பத்தாண்டுகளாக நீரிழிவு உடையவர். மாத்திரைகளைத் தவறாமல் உண்பவர். வெறும் வயிற்றுச் சர்க்கரை 118. "எனக்குச் சீனி கட்டுக்குள் இருக்கிறது" என்று நிறைவோடு கூறுகிறார். ஆனால் அவர் இடுப்பு 98 செ.மீ.; இரத்த அழுத்தம் 144க்கு 92; டிரைகிளிசரைடு 210; நல்ல கொழுப்பு 34. ஐந்துக்கு ஐந்தும் அவரிடம் உள்ளன. அவர் அறிந்து வைத்திருப்பதோ ஒன்றை மட்டுமே. நம் குடும்பங்களில் உள்ள பெரியவர் பலருக்கு இப்படம் பொருந்தும். மாரடைப்பு வந்த பின்னர் "சீனி நன்றாகத்தானே இருந்தது!" என்று வீட்டார் வியந்து வருந்துவதன் பொருள் இதுதான்.

நோய் விளையும் முறை

உண்ட உணவிலிருந்து பிறக்கும் சர்க்கரையைத் தசைகளுக்குள் புகுத்தக் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலினைத் திறவுகோல் என்று கொண்டால், தசையின் வாயிலிலுள்ள பூட்டு துருப்பிடித்து எளிதில் திறக்க மறுப்பதே இன்சுலின் எதிர்ப்புநிலை. பூட்டு திறவாதபோது கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. பல ஆண்டுகள் இவ்வாறு போராடுவதால் இரத்தச் சர்க்கரை இயல்பாகவே காணப்படும். ஆனால் அவ்வியல்பு மிகுந்த விலை கொடுத்துப் பெற்றதாகும்.

தோலுக்கடியில் தங்கும் கொழுப்பைவிட வயிற்றின் உள்ளுறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பு கேடு மிக்கது. அதிலிருந்து வெளிப்படும் கொழுப்பு அமிலங்கள் கல்லீரலை நேராகச் சென்றடைகின்றன என்பது ஒரு முக்கிய விளக்கம். கல்லீரலிலேயே கொழுப்பு படிகிறது. கல்லீரல் டிரைகிளிசரைடை மிகுதியாக இரத்தத்தில் விடுகிறது. அதன் விளைவாக நல்ல கொழுப்பு குறைகிறது. தேவையில்லாத வேளையிலும் கல்லீரல் சர்க்கரையை வெளிவிடுகிறது. மிகுந்த இன்சுலின் சிறுநீரகத்தில் உப்பைத் தேக்கி இரத்த அழுத்தம் உயரத் துணைபோகிறது. இறுதியில் கணையம் களைத்துத் தளரும்போதுதான் சர்க்கரை உயர்ந்து, 'நீரிழிவு' என்னும் பெயர் சூட்டப்படுகிறது.

இரண்டாம் வகை நீரிழிவு உடையோர் பலரிடம் நோய் இவ்வாறே வளர்கிறது. ஆதலின் நீரிழிவு கண்டறியப்பட்ட நாள் நோய் தொடங்கிய நாளன்று; பல ஆண்டுகளாக மறைவில் வளர்ந்த ஒன்று வெளிப்பட்ட நாளே ஆகும். மறைவில் வளரும் காலத்திலும் சில அடையாளங்கள் உண்டு. இளைஞர் சிலரின் பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்துக் காணப்படும். அதனை அழுக்கெனக் கருதிச் சோப்பிட்டுத் தேய்ப்பர். அது பலருக்கு இன்சுலின் மிகுதியின் அடையாளமாகும். பெண்களுக்கு மாதவிலக்கு ஒழுங்கற்றுப் போதலோடு கூடிய சூலகப் பல்நீர்க்கட்டி, வயிற்று ஒலிப்படத்தில் காணப்படும் கல்லீரல் கொழுப்பு, உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் குறட்டை ஆகியனவும் இக்குடும்பத்தைச் சேர்ந்த உறவுகளே.

முதல் வகை நீரிழிவு வேறு காரணத்தால் வருவது. அதில் உடலே தன் இன்சுலின் உயிரணுக்களை அழிக்கிறது. எனினும் அவர்களுள்ளும் உடற்பருமன் மிகுவோர்க்கு இந்நோய்த்தொகை பின்னர் வந்து சேர்தல் உண்டு.

நம் மக்களின் உடல்வாகு

"நான் ஒல்லியாகத்தானே இருக்கிறேன், எனக்கு எப்படி?" என்னும் வினா அடிக்கடி எழுகிறது. இதற்கு விடையாக ஆய்வுலகம் நன்கறிந்த ஒரு செய்தி உண்டு. புனே நகரின் மருத்துவ அறிஞர் யாஜ்னிக், இலண்டன் அறிஞர் யட்கின் ஆகிய இருவரும் 2004 இல் 'லான்செட்' இதழில் தம் இருவரின் படத்தையும் வெளியிட்டனர். உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடும் உடல் நிறை எண் இருவருக்கும் ஒன்றே, 22.3. ஆயின் உடற்கொழுப்போ இலண்டன் அறிஞருக்கு 9.1 விழுக்காடு, புனே அறிஞருக்கு 21.2 விழுக்காடு. எடைக்கருவி இருவரையும் ஒருவராகவே காட்டிற்று. உடலின் உள்ளமைப்போ இருவரையும் வேறு பிரித்தது.

மெலிந்த கைகால்களும் பருத்த வயிறும் கொண்ட உடல்வாகு நம்மவரிடையே மிகுதி. தசை குறைவு; கொழுப்பு மிகுதி. அமெரிக்க வல்லுநர் குழு 2001 இல் ஆண்களுக்கு 102 செ.மீ.க்கும் பெண்களுக்கு 88 செ.மீ.க்கும் மேற்பட்ட இடுப்பையே குறையாகக் கொண்டது. நமக்கோ 90, 80 என அளவு தாழ்த்தப்பட்டதன் காரணம் இதுவே.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடத்தப்பட்டு 2023 இல் வெளியான ஆய்வு, நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கு மேற்பட்டோர் என்றும், நீரிழிவின் வாயிலில் நிற்போர் 13 கோடிக்கு மேற்பட்டோர் என்றும் மதிப்பிட்டது. வயது வந்தோருள் 35.5 விழுக்காட்டினரிடம் உயர் இரத்த அழுத்தமும், 39.5 விழுக்காட்டினரிடம் வயிற்றுப் பருமனும், 81.2 விழுக்காட்டினரிடம் ஏதேனும் ஒருவகைக் கொழுப்புச் சீர்கேடும் காணப்பட்டன. இவ்வெண்களை அருகருகே வைத்து நோக்கினால் நீரிழிவு தனியே நிற்பதன்று என்பது விளங்கும்.

உணவின் பங்கும் இங்குச் சுட்டத்தக்கது. சென்னை நகர மக்களிடையே நிகழ்த்தப்பட்டு 2009 இல் வெளியான ஓர் ஆய்வு, தீட்டிய அரிசி முதலிய தவிடு நீக்கிய தானியங்களை மிகுதியாக உண்போரிடம் இந்நோய்த்தொகையும் மிகுந்திருக்கக் கண்டது. இனிப்பை விலக்கிய நீரிழிவாளர் தட்டு நிறையச் சோற்றைக் குவிப்பாராயின், வாயிலை அடைத்துவிட்டுச் சாளரத்தைத் திறந்து வைத்தவரே ஆவார்.

நீரிழிவாளர்க்கு இத்தொகை ஏன் முதன்மையானது?

நீரிழிவாளர் பலரின் உயிரைப் பறிப்பது சர்க்கரை நேரடியாகச் செய்யும் கேட்டைவிட, இதயத்தையும் இரத்தக்குழாய்களையும் பற்றும் நோய்களே. ஆகவே சர்க்கரையோடு ஏனையவற்றையும் அடக்கினால் உயிர் காக்கப்படுமா என்னும் வினா எழுகிறது. இதற்கு இரு பேராய்வுகள் விடை தந்துள்ளன.

முதலாவது, பிரித்தானிய நீரிழிவு ஆய்வு. உயர் இரத்த அழுத்தமும் இரண்டாம் வகை நீரிழிவும் ஒருங்குடைய 1,148 பேரை இரு பிரிவினராக்கிப் பல ஆண்டுகள் கண்காணித்தனர். ஒரு பிரிவினரின் சராசரி இரத்த அழுத்தம் 144க்கு 82 ஆகவும், மற்றவரின் அழுத்தம் 154க்கு 87 ஆகவும் அமைந்தது. வேறுபாடு மேல் அளவில் பத்துப் புள்ளியே. எனினும் 1998 இல் வெளியான முடிவின்படி, அழுத்தம் நன்கு அடக்கப்பட்டோரிடம் நீரிழிவு சார்ந்த இறப்பு 32 விழுக்காடும் பக்கவாதம் 44 விழுக்காடும் குறைந்தன.

இரண்டாவது, டென்மார்க் நாட்டின் 'ஸ்டீனோ-2' ஆய்வு. இரண்டாம் வகை நீரிழிவோடு சிறுநீரில் புரதம் கசியத் தொடங்கிய 160 பேரை எண்பது எண்பதாகப் பிரித்தனர். ஒரு பிரிவினர்க்கு வழக்கமான மருத்துவம். மற்றொரு பிரிவினர்க்குச் சர்க்கரை, அழுத்தம், கொழுப்பு, உணவு, உடலுழைப்பு, புகைவிடுதல் ஆகிய அனைத்தையும் ஒருங்கே கவனிக்கும் மருத்துவம். ஏறத்தாழ எட்டாண்டுகளின் முடிவில், ஒருங்கிணைந்த மருத்துவம் பெற்றோரிடம் இதய, இரத்தக்குழாய் நோய்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. பதின்மூன்று ஆண்டுக் கண்காணிப்பின் இறுதியில் வழக்கமான மருத்துவம் பெற்ற 80 பேரில் 40 பேர் இறந்திருந்தனர். மற்றப் பிரிவின் 80 பேரில் இறந்தோர் 24 பேர். 2016 இல் வெளியான 21 ஆண்டுக் கணக்கு, ஒருங்கிணைந்த மருத்துவம் பெற்றோர் இடைநிலை அளவில் 7.9 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தனர் எனக் காட்டிற்று. ஏறத்தாழ எட்டாண்டு என்பது ஒரு பேரப்பிள்ளையைப் பள்ளியில் சேர்த்து, அவன் படித்து முன்னேறுவதைக் காணும் காலம். உடன்பிறப்புகளையும் சேர்த்துக் கவனித்ததன் பயன் அது.

எதிர்க்கருத்தும் விடையும்

இந்நோய்த்தொகை என்னும் கருத்தாக்கத்தை அறிஞர் அனைவரும் ஒருமனதாக ஏற்றுக்கொள்ளவில்லை. அமெரிக்க, ஐரோப்பிய நீரிழிவு அமைப்புகள் 2005 இல் கூட்டாக வெளியிட்ட அறிக்கை, உறுப்புகள் தனித்தனியே உணர்த்தும் ஆபத்தைவிட இத்தொகை மிகுதியாக எதை உணர்த்துகிறது என வினவியது. புகைபிடித்தல், வயது, கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். ஆகிய பெரிய காரணங்கள் இவ்வைந்தில் இடம்பெறவில்லை என்பதும் மெய்யே. உலக சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு 2010 இல், இதனை நோய்க்கு முந்திய நிலையாகவே கருதுதல் வேண்டும் என்றும், நீரிழிவோ இதயநோயோ ஏற்கெனவே உடையோர்க்கு இப்பெயரை இடுதல் பொருந்தாது என்றும் கருத்துரைத்தது. இதனைக் கல்விக்குரிய ஒரு கருத்தாகக் கொள்ளலாம் என்பது அக்குழுவின் மதிப்பீடு.

இவ்வெதிர்ப்பு நேர்மையானது, புறக்கணிக்கத்தக்கதன்று. நீரிழிவாளரின் மருத்துவச் சீட்டில் இப்பெயரை எழுதுவதால் மட்டும் சிகிச்சை மாறிவிடாது. ஒவ்வொரு குறைபாட்டையும் தனித்தனியே தீர்த்தல் வேண்டும். ஐந்தனுள் ஒன்றும் இல்லாதவர் புகைபிடிப்பாராயின் அவர் காப்புடையவர் என்பதும் பிழை. ஆனால் அவ்வல்லுநர் குழு விட்டுவைத்த 'கல்விக்குரிய கருத்து' என்னும் பயனே நமக்குப் பெரும் பயனாகும். நம் மக்களுக்கு இன்று குறைவுபடுவது அக்கல்வியே. ஒற்றை எண்ணைப் பற்றிக்கொண்டிருக்கும் நீரிழிவாளரை ஐந்து எண்களை நோக்கித் திருப்புவதற்கு இத்தொகை துணைபுரியும். பெயரைப் பற்றி அறிஞர் வாதிடலாம். எண்களைப் பற்றி வாதமில்லை.

நோன்பும் விருந்தும்

நம் சமுதாயத்தார்க்கு இப்பொருளோடு தனித்த தொடர்பு ஒன்று உண்டு. ரமலான் மாதத்தில் நோன்பிருப்போருள் நீரிழிவாளரும் பலர். பதின்மூன்று நாடுகளில் 12,243 நீரிழிவாளரிடம் நிகழ்த்தப்பட்டு 2004 இல் வெளியான 'எபிடியார்' ஆய்வு, இரண்டாம் வகையினரில் 79 விழுக்காட்டினர் அம்மாதத்தில் பதினைந்து நாள்களேனும் நோன்பிருந்தனர் எனக் கண்டது. அவர்களிடையே கடுமையான சர்க்கரைத் தாழ்வு ஏனைய மாதங்களைவிட ஏழரை மடங்கு மிகுந்தது என்பதும் அவ்வாய்வின் முடிவு.

நோயுற்றோர்க்கும் பயணம் மேற்கொண்டோர்க்கும் திருக்குர்ஆன் இரண்டாம் அத்தியாயத்தில் சலுகை வழங்கப்பட்டிருப்பதை நாம் அறிவோம். அச்சலுகை யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவரும் மார்க்க அறிஞரும் அறிந்து கூறுவர். நோன்பிருக்க விரும்புவோர் ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்னரே மருத்துவரைக் கண்டு மருந்தின் அளவையும் வேளையையும் திருத்திக்கொள்ளல் வேண்டும். நோன்பின்போது சர்க்கரை 70க்குக் கீழ் இறங்கினாலும் 300க்கு மேல் ஏறினாலும் நோன்பை விட்டுவிடுதல் வேண்டும் என்பது பன்னாட்டு வழிகாட்டி நெறி. விரல் நுனியில் இரத்தம் எடுத்துச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பதையும் அவ்வழிகாட்டி தெளிவுபடுத்துகிறது.

நோன்பு துறக்கும் வேளையிலும் கவனம் தேவை. பகலெல்லாம் அடக்கிய பசியை வடை, சமோசா, பஜ்ஜி, சீனி கலந்த சர்பத் ஆகியவற்றால் ஈடுசெய்தால், மாத இறுதியில் இடுப்பு குறைவதற்கு மாறாகப் பெருகும். பேரீச்சம்பழம் ஒன்றிரண்டும், தண்ணீரும், எண்ணெய் மிகாத நோன்புக் கஞ்சி அளவாகவும் போதும். இது திருமண விருந்துகளுக்கும் பொருந்தும். விருந்தோம்பல் நம் பண்பாடு; ஆனால் வேண்டாம் என்பவரின் தட்டில் வலிந்து இடுவது அன்பாகாது. நீரிழிவாளரான விருந்தினர் பாதி உண்டு எழுந்தால் அதைக் குறையாகக் கொள்ளாத மனப்பாங்கு நம்மிடம் வளர வேண்டும்.

செய்யத்தக்கன

நீரிழிவு வருமுன் காத்தல் இயலுமா? சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நிகழ்த்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2006 இல் வெளியாயிற்று. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேருள், அறிவுரை மட்டும் பெற்றோரில் மூன்றாண்டுகளில் 55 விழுக்காட்டினர் நீரிழிவாளராயினர். உணவையும் உடலுழைப்பையும் திருத்திக்கொண்டோரில் அது 39.3 விழுக்காடே. திருத்தம் பெரிதன்று, நடையும் உணவுக் கட்டுப்பாடுமே.

நீரிழிவு வந்தபின் மீளுதல் இயலுமா? பிரித்தானியாவில் நிகழ்ந்து 2017 இல் வெளியான 'டைரக்ட்' ஆய்வில், நோய் கண்டு ஆறாண்டுகளுக்கு உட்பட்டோர், மருத்துவ மேற்பார்வையில் கடுமையாக உணவைக் குறைத்து எடையை இறக்கினர். ஓராண்டின் முடிவில் 46 விழுக்காட்டினர் மருந்தின்றியே நீரிழிவு எல்லைக்குக் கீழ் வந்தனர். இது தாமே முயன்று பார்க்கத்தக்கதன்று. நோய் முற்றுமுன் எடையைக் குறைப்பதன் வலிமையை இது காட்டுகிறது என்பதே நாம் கொள்ளத்தக்கது. புதிய மருந்துகளுள் சில, சர்க்கரையோடு எடையையும் இதய ஆபத்தையும் குறைப்பதாக அண்மை ஆய்வுகள் நிறுவியுள்ளன. அவை மருத்துவர் தேர்ந்து தருவன.

வீட்டில் செய்யத்தக்கவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

1. தட்டின் பாதியைக் காய்கறிகளுக்கும், கால் பகுதியைப் பருப்பு, மீன், முட்டை, கொழுப்பற்ற இறைச்சி ஆகியவற்றுக்கும் ஒதுக்கி, எஞ்சிய கால் பகுதியில் மட்டும் சோறோ ரொட்டியோ கொள்ளுதல்.
2. நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்கு மிகாமை. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் மறைந்துள்ள உப்பையும் இக்கணக்கில் சேர்த்தல் வேண்டும்.
3. வாரத்திற்கு 150 நிமிடமேனும் விரைந்து நடத்தல். தெருவில் நடக்க இயலாத பெண்களுக்கு மொட்டைமாடியும் முற்றமும் போதும். தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வாரம் இருமுறை.
4. புகையை அறவே விடுதல்.
5. இரத்த அழுத்தம், கொழுப்பு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, சிறுநீர்ப் புரதம் ஆகியவற்றை மருத்துவர் குறிக்கும் காலத்தில் சோதித்து, ஒரே குறிப்பேட்டில் எழுதி வைத்தல்.
6. அழுத்தத்திற்கும் கொழுப்பிற்கும் தரப்படும் மாத்திரைகளை, உடலில் துன்பம் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காகத் தாமே நிறுத்தாமை.

இவற்றுள் ஆறாவது தனிக் கவனத்திற்குரியது. உயர் அழுத்தமும் கொழுப்புச் சீர்கேடும் வலி தருவனவல்ல. வலி இல்லாத நோயை நோயென நம்புவது மனத்திற்கு அரிது. அதனால்தான் சர்க்கரை மாத்திரையைத் தவறாமல் உண்பவரும் அழுத்த மாத்திரையை இடையில் விட்டுவிடுகின்றனர்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படும். நீரிழிவு பெரும்பாலும் தனிநோயன்று. ஒரு தொகையின் உறுப்பு. அத்தொகையின் பெயர் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருப்பினும், உறுப்புகள் அனைத்தையும் ஒருங்கு கவனித்தல் உயிர் காக்கும் என்பதில் ஐயமில்லை. மெலிந்த தோற்றம் நம்மவர்க்குக் காப்பன்று. இடுப்பின் அளவே நம்பத்தக்க முதல் அறிவிப்பு. நோய் வெளிப்படுமுன்னரே அடையாளம் காட்டுவதால், காப்பு இளமையிலேயே தொடங்குதல் வேண்டும்.

மாணவர்கள் இதில் ஆற்றத்தக்க பணி எளியது. இவ்வாரமே ஓர் அளவு நாடாவோடு தம் இல்லத்துப் பெரியோரின் இடுப்பை அளந்து, தம்முடையதையும் அளந்து எழுதட்டும். பெற்றோரின் மருத்துவக் குறிப்பேட்டை எடுத்து ஐந்து எண்களும் அதில் உள்ளனவா எனப் பார்க்கட்டும். ஊர்ப் பெரியோரும் ஜமாஅத்தாரும் ரமலானுக்கு இரு மாதங்கள் முன்னரே ஒரு மருத்துவ முகாமை நடத்தி, சர்க்கரையோடு அழுத்தத்தையும் இடுப்பையும் அளக்க ஏற்பாடு செய்யலாம். "சீனி எவ்வளவு?" என்று கேட்கும் நாம், இனி "அழுத்தம் எவ்வளவு? கொழுப்பு எவ்வளவு? இடுப்பு எவ்வளவு?" என்றும் சேர்த்துக் கேட்போமாக.